ஷிங் அண்ணனின் நாக்கு

சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் குழாயின் மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி, கசிந்து வரும் முதல் துளியைச் சுண்டுவிரலில் ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துக்கொள்கிறார் ஷிங் அண்ணன். கண்கள் மூடியிருக்கின்றன. வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், நிற்கிறோம். "இது கடல். அது குடிக்கிற தண்ணி" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ஸ்பேனரை எடுக்கிறார்.

ஹாங்காங்கில் கழிப்பறையில் ஊற்றுவது கடல் தண்ணீர். குளிக்கவும் குடிக்கவும் வேறு குழாய். எங்கள் நார்த் பாயிண்ட் கட்டடம் என்னைவிட வயதில் மூத்தது. முன்பு குடியிருந்த புண்ணியவான் யாரோ இரண்டு குழாய்க்கும் ஒரே பச்சைப் பெயின்டை அடித்துவிட்டுப் போயிருந்தார். பழைய சாமான்களைப் பிடுங்கிப் போட்டுவிட்டால் எது எதுவென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். தெருவில் பாதி வீடுகளின் கதை இதுதான். அதனால் எங்கள் தெருவில் யாரும் பிளம்பரைக் கூப்பிடு என்பதில்லை, "நாக்குக்காரரைக் கூப்பிடு" என்பார்கள்.

முழுப்பெயர் குவோக் ஷிங். அறுபதைத் தாண்டிய ஆள். வெயிலோ குளிரோ ரப்பர் செருப்புதான். குதிரைப் பந்தயம் நடக்கும் நாளில் இடுப்பில் ரேடியோ தொங்கும். தோற்றால் சுத்தியல் பலமாக விழும், ஜெயித்தால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் எலுமிச்சை டீ வரும். பெண்ணாகப் பிறந்த அனைவரும் அவருக்கு அழகிகள். நான் அழகி, கீழ்வீட்டு மோக் அக்கா அழகி, பல்லில்லாத மீன்காரியும் அழகி. "அழகி, அந்த வாளியை இப்படித் தள்ளு. அழகி, மேல்வீட்டுக்காரன் குளிக்கிறான்போல, என் தலையில ஊத்துது, போய்ச் சொல்லு."

எங்கள் வீட்டு வேலையை அவரைத் தவிர யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாமனார் குளியல் தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். காலமெல்லாம் டிராம் ஓட்டியவர், மனைவி போன பிறகும் தன் துணியைத் தானே துவைத்தவர். வரும் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அழைத்து வந்து பார்ப்போம், குளியலறையில் தனியாகச் சமாளித்தால் வீடு, இல்லையென்றால் முதியோர் இல்லம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "செத்தாலும் என் வீட்டுக் கக்கூஸ்லதான் சாவேன்!" என்று மாமனார் போனில் கத்தினார். "தூ, தூ! வாயைக் கழுவுங்க மாமா" என்று நானும் கத்தினேன். போனை வைத்துவிட்டு அழுதேன்.

மற்ற பிளம்பர்கள் அவ்வளவு குறைந்த நாளில் முடியாது என்று கையை விரித்தார்கள். ஷிங் அண்ணன் தொட்டியை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "இதைத் தூக்கிடலாம். பெரியவர் காலைத் தூக்காமலே உள்ள போற மாதிரி தரை போடறேன். உக்காந்து குளிக்க ஒரு பலகை, ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கக் கம்பி. கக்கூஸ் கோப்பையையும் கொஞ்சம் உசத்திடலாம். வியாழக்கிழமை முடிஞ்சிடும். நீ அவருக்கு சூப் வைக்கிற வேலையைப் பாரு, அழகி."

உடைக்கும் முன் நாலு மூலைக்கும் ஊதுபத்தி வைத்துக் கும்பிட வேண்டும். எங்கள் குளியலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் தொட்டிக்குள்தான் நிற்க வேண்டும். ஒரே மூலையில் அத்தனை பத்தியையும் செருகினார். "மத்த மூணு மூலையும் கையெட்டற தூரந்தானே, புகை போய்ச் சேர்ந்துக்கும்." சாமிக்கு வைத்த வறுத்த பன்றி இறைச்சி முழுவதையும் அவரே தின்று தீர்த்தார். பிறகு அந்தச் சுண்டுவிரல், அந்தத் துளி, அந்தத் தீர்ப்பு. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

சொன்னபடி வியாழக்கிழமை மதியமே டைல்ஸ்கூட ஒட்டியாகிவிட்டது. அவர் சாப்பிடக் கீழே போனார். நான் ஆசையாகப் புது வாஷ்பேசினில் கை கழுவினேன். சோப்பு நுரைக்கவில்லை. திரிந்த பால்போல் விரலில் ஒட்டியது. படகுத்துறைப் படிக்கட்டின் வாசனை அடித்தது. நாக்கில் வைத்தேன். கடல்.

பல்லைக் குத்திக்கொண்டே மேலே வந்தவரிடம் காட்டினேன். அவர் ருசி பார்க்கவில்லை. புதுக் கோப்பையின் மூடிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"நாலு மாசம் முன்ன ஒரு காய்ச்சல் வந்துச்சு. அதுலேர்ந்து நாக்கும் போச்சு, மூக்கும் போச்சு. சோறு அட்டையைத் தின்ற மாதிரி இருக்கு."

"அப்புறம் எப்படி இத்தனை வீட்டுல...?"

"சோப்புதான். நாக்குல வெச்சுக் காட்டிட்டு, கை கழுவற சாக்குல சோப்பு போட்டுப் பார்ப்பேன். நுரைச்சா நல்ல தண்ணி. அன்னிக்கு நீ என் வாயையே பார்த்துக்கிட்டு நின்ன. பெருமையா இருந்துச்சு. கழுவாமலே சொல்லிட்டேன்."

"உங்க பெருமைக்கு என் மாமனார்தான் கிடைச்சாரா?" என்று கத்தினேன். தலையை ஆட்டினார். பச்சைப் பெயின்ட் அடித்தவன் தலையில் பழியைப் போட்டிருக்கலாம், அவர் போடவில்லை. சுத்தியலை எடுத்து, காலையில் தான் ஒட்டிய டைல்ஸைத் தானே உடைக்க ஆரம்பித்தார். மாலை ஏழு மணிக்கு மேல் உடைக்கக் கூடாது என்பது சட்டம்.

மோக் அக்கா பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மேலே வந்தார். "முடிஞ்சிடுச்சுன்னீங்க, மறுபடியும் என்ன இடி?"

"குழாயை மாத்திக் கொடுத்துட்டேன், அழகி. குளிக்கிற குழாயில கடல் வருது. என் தப்பு."

"அடப்பாவி! கடல்ல குளிக்கணும்னா பஸ் ஏறிப் போயிருப்பாங்களே, உனக்கெதுக்கு தண்டக் கூலி?" என்று ஒரு பாட்டம் திட்டினார். அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "சரி, நல்லா இடி. நான் இவனைத் தூக்கிக்கிட்டு மார்க்கெட் பக்கம் போறேன். ஏழுக்குள்ள முடிச்சிடு."

முடித்தார். குழாயை மாற்றி, டைல்ஸையும் திரும்ப ஒட்டினார். கடைசியில் என்னிடமே சோப்பைக் கேட்டு வாங்கி, என் கண்ணெதிரே முழங்கை வரை நுரைத்துக் காட்டினார். நானும் ருசி பார்த்தேன். எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த நுரையோடு போய்விட்டது. யாரும் தொடமாட்டேன் என்ற வேலையைத் தொட்டவர், கெடுத்ததை ஒளிக்காமல் நிமிர்த்தியவர். இன்றைக்கும் அந்தக் கம்பிகளைத் துடைக்கும்போது அவரை வாழ்த்தாமல் இருப்பதில்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "தாராளமா எழுது. சோப்பு விஷயத்தையும் எழுது. இனிமே எல்லார் முன்னாடியும் சோப்பு போட்டுத்தான் பார்க்கப் போறேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை வேலை எதுவும் பாக்கியில்லை. ஆனாலும் எல்லாருக்கும் முன்னால் வந்து கூடத்தில் நின்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண் மாமனாரைக் குளியலறைக்குள் அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே மாமனார் ஊன்றி நடக்கும் சட்டம் டக் டக்கென்று நகர்ந்தது. "மெதுவா, கம்பியைப் பிடிங்க" என்றாள். "எனக்குத் தெரியும், நீ தள்ளி நில்லும்மா" என்றது மாமனாரின் குரல். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது, நின்றது. யாரோ பெருமூச்சோடு எழுந்திருக்கும் சத்தம்.

நான் திரும்பிப் பார்த்தேன். ஷிங் அண்ணன் சாத்திய கதவுக்கு முன்னால் முழங்காலைச் சற்று மடக்கி நின்றுகொண்டிருந்தார். இரண்டு கைகளும் விழுகிறவரைத் தாங்குவதற்குத் தயாராக முன்னால் நீண்டிருந்தன. "தாராளமா வீட்டுக்கே வந்துடலாம்" என்று உள்ளேயிருந்து அந்தப் பெண் சொன்னாள். கதவு திறந்து, மாமனாரின் இரண்டு கால்களும் வெளியே வந்து சேரும்வரை அந்தக் கைகள் இறங்கவில்லை.