கன்னியப்பனுக்குக் கொடுத்த இரண்டு அவுன்ஸ் பிராந்தி

எண்ணூர்ச் சாலைத் தொழிற்சாலை ஒன்றின் டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டராகச் சேர்ந்தபோது மதுவிலக்கு நடப்பிலிருந்தது. பிராந்தி மருந்தாக மட்டும் அலமாரியில் பூட்டிவைக்கப்பட்டிருந்தது. பூட்டிவைக்கும் பொருளில் சத்தும் மிகுதி என்றே நான் நம்பினேன்.

ஒரு மார்கழிக் காலையில் கட்டுமரம் கவிழ்ந்து, நெடுநேரம் கடலில் கிடந்த கன்னியப்பனை, அவர் தங்கையின் கணவர் ஏகாம்பரம் காத்திவாக்கத்திலிருந்து கைவண்டியில் கொண்டுவந்தார். உதடுகள் நீலம் பூத்திருந்தன, உடல் நடுங்கிற்று. டாக்டர் அம்மாள் இன்னும் வரவில்லை. நான் கம்பளி போர்த்தி, மெஷர் கிளாசில் இரண்டு அவுன்ஸ் பிராந்தி கொடுத்தேன். சிறிது நேரத்தில் முகம் சிவந்தது, நடுக்கம் நின்றது.

"இன்னா மச்சான், எப்டி கீது?" என்றார் ஏகாம்பரம்.

"அடுப்பாண்ட குந்திகினு கீற மாரி கீது. கம்பளிய எடு, வேர்க்குது."

"பூட்டி வச்சாலும் சரக்கு சரக்குதான்."

நானும் சிரித்தபடி என் கையாலேயே கம்பளியை எடுத்தேன்.

டாக்டர் அம்மாள் வந்து தெர்மாமீட்டர் வைத்தார். பாதரசம் முதற்கோட்டைக்கூட எட்டவில்லை. கன்னியப்பனின் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது.

"நடுங்கித்தான் உடம்பு தன்னைக் காப்பாத்திக்கிட்டிருந்தது, கம்பவுண்டர். பிராந்தி உள்சூட்டைத் தோலுக்குக் கொண்டுவந்து வெளியே விட்டுடும். கம்பளி எங்கே?"

கம்பளிகளைச் சுற்றி, வெந்நீர்ப் பைகளை அணைத்துவைத்தோம். தெளிவு வந்தபின் சர்க்கரைக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினோம். நண்பகலில்தான் பாதரசம் ஏறிற்று.

"சத்துன்னு நினைச்சுக் குடுத்தேம்மா."

"எந்தச் சத்து? புரதம் இல்லை, கொழுப்பு இல்லை, வைட்டமின் இல்லை. சாராயம் எரியறதால வர்ற கலோரி மட்டும்தான். உடம்பைக் கட்டுற பொருள் ஒண்ணும் கிடையாது."

இதை நான் ஏகாம்பரத்திடம் சொல்லவில்லை. வெட்கம் தடுத்தது.

மூன்றாம் நாள் ஏகாம்பரத்தின் மனைவி, கன்னியப்பனின் தங்கை, கைக்குழந்தையோடும் ஒரு சிறு குப்பியோடும் வந்து நின்றார்.

"எங்க அண்ணன் உசுரக் காப்பாத்துன மருந்துல ரெண்டு சொட்டு ஊத்து நைனா. கொயந்த பால் குடிக்காம சோந்து கீது."

நான் குப்பியை வாங்கவில்லை.

"அம்மா, அது காப்பாத்தல. கொல்லப் பாத்துச்சு. குடுத்தது என் தப்பு. கம்பளியும் கஞ்சியும்தான் பொழைக்க வச்சுது. மொதல்ல கொழந்தைய டாக்டரம்மாகிட்ட காட்டுங்க."

அவர் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே ஏன் நைனா சொல்லல? குப்பமே அந்த மருந்தத்தான் தேடிகினு கீது."

குழந்தையை டாக்டர் அம்மாளிடம் ஒப்படைத்துவிட்டு, அப்போதே காத்திவாக்கம் சென்று, என் பிழையை வீடுவீடாகச் சொன்னேன். மருந்தைத் தவறாகக் கொடுத்தவன் உடனே வாய் திறக்க வேண்டும். அவன் மறைக்கும் பிழையைத்தான் ஊர் வைத்தியமென்று எடுத்துக்கொள்கிறது.