புகையிலையில் பல் துலக்கியவனின் பிரீமியம்

என் தங்கை புருஷனைப் பழிவாங்க எனக்கு ஒரு வருடமும் பாதித் தொந்தியும் செலவாயின. இரண்டையும் சந்தோஷமாகவே செலவழித்தேன்.

தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் எனக்கு வேலை. பக்கத்து மிஷினில் தைத்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். அவர் பெண்டாட்டி பிள்ளைகள் வெறுங்கையோடு ஊருக்கு ரயிலேறினார்கள். அவர்களை வழியனுப்பிவிட்டு வந்த என் மனைவி, என் தட்டில் சோற்றைப் போட்டபடியே சொன்னாள்: “நீங்க ஒரு பாலிசி எடுங்க. இல்லன்னா இந்த வீட்ல இனிமே மீன் கொழம்பு கெடையாது.”

நான் செத்தால் அவளுக்கும் மகளுக்கும் பணம் கிடைக்கும். நான் சாகும்வரை எனக்கு மீன் குழம்பு கிடைக்கும். நியாயமான ஒப்பந்தம்தான்.

செம்பூரில் இருக்கும் தங்கை புருஷன்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். வீட்டு மாப்பிள்ளை இருக்கும்போது வெளியாளிடம் போக முடியுமா? அவரே வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

“பீடி, சிகரெட்?”

“கெடையாது.”

“குட்கா, புகையில?”

“என்னப் பாத்தா அப்படியா தெரியுது மாப்ள?”

பெருமையோடுதான் சொன்னேன். பட்டறையில் பீடி குடிப்பவர்களைப் பிடித்து நிறுத்தி நுரையீரலைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவன் நான்.

ரத்தமும் சிறுநீரும் எடுத்துப்போக கம்பெனி ஆள் காலையிலேயே வீட்டுக்கு வந்தார். வெளியாள் வருகிறாரே, வாய் நாறக்கூடாது என்று அன்றைக்கு மஷேரியை வழக்கத்தைவிட அதிகமாகவே போட்டுத் தேய்த்திருந்தேன். மஷேரி என்பது ஒரு கறுப்புப் பொடி. பம்பாய்க்கு வந்த புதிதில் பல்வலியில் துடித்த எனக்குக் குழாயடியில் ஒரு மராட்டிக்கார அக்கா உள்ளங்கையில் கொட்டிக் கொடுத்தது. வலி ஓடிப்போனது. அன்றிலிருந்து அது இல்லாமல் எனக்குப் பல்லும் துலங்காது, வயிறும் இளகாது. எதை வறுத்து அரைத்தது என்று நான் கேட்டதே இல்லை. பல்பொடியிடம் யார் ஜாதகம் கேட்பார்கள்?

வறுத்தது புகையிலையை. அதை எனக்குச் சொன்னது என் சிறுநீர்.

கம்பெனி என்னைப் புகையிலைக்காரர்கள் கணக்கில் சேர்த்தது. தொந்திக்கென்று தனியாக ஏற்றியது. முதலில் சொன்ன தொகையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு பிரீமியம் கேட்டது. முதல் தவணையை எப்படியோ புரட்டிக் கட்டிவிட்டேன். ஆனால் மழைக்காலத்தில் பட்டறையில் வேலை பாதியாகிவிடும். இந்த விலையில் தொடர்ந்து கட்ட முடியாது என்பது எனக்கும் தெரியும், மனைவிக்கும் தெரியும். கட்டாவிட்டால் எனக்கு முன்னால் பாலிசி செத்துவிடும்.

இதுவரை மாப்பிள்ளை மேல் எனக்குக் கோபமில்லை. அம்மன் கோயில் கொடைத் திருவிழா விருந்தில்தான் வந்தது. பந்தியில் தெருவே உட்கார்ந்திருக்க, அவர் குரலை உயர்த்தினார்.

“நம்ம மச்சான் பீடி தொடமாட்டாரு வேய். புகையிலையில பல்லுதான் வெளக்குவாரு.”

பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர் இலைப் பெரியவருக்குப் புரையேறியது. “அந்த வயித்துக்கும் சேத்து வாங்கிட்டான் கம்பெனிக்காரன்” என்று மாப்பிள்ளை இன்னொன்றும் போட்டார்.

வீட்டு மாப்பிள்ளையை எதிர்த்துப் பேசக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் காறித் துப்பினாலும் சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் சிரித்தபடி அவர் இலையில் இன்னொரு கரண்டி பாயாசம் ஊற்றச் சொன்னேன். அப்போதே மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஒரு வருடம் புகையிலை இல்லாமல் இருந்து புதிதாகச் சோதனை கொடுத்தால் விலை குறையலாம் என்று அவரே சொல்லியிருந்தார், என்னால் முடியாது என்ற நம்பிக்கையில். மறுநாள் மஷேரி டப்பாவைச் சாக்கடையில் கவிழ்த்தேன். அடுத்த சில வாரங்கள் கழிப்பறைக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் என்னைச் சபித்தார்கள். உள்ளே உட்கார்ந்து நான் மாப்பிள்ளையைச் சபித்தேன். விடிந்ததும் மாஹிம் கடற்கரை வரை நடந்தேன். ஆரோக்கியத்துக்காக என்றால் தாராவி எல்லையிலேயே திரும்பியிருப்பேன். ஒவ்வோர் எட்டும் அவர் முகத்தில் விழுவதாக நினைத்துக்கொண்டதால் கால் வலிக்கவில்லை. வேப்பம்பொடியில் பல் துலக்கி, அவர் நெற்றியைக் குறிபார்த்தே துப்பினேன்.

வருடம் முடிந்தது. சிறுநீர் சுத்தம், தொந்தி பாதி. புதுப் பாலிசி கட்டக்கூடிய விலைக்கு வந்தது. அதுவரை கடனை உடனை வாங்கிப் பழையதைக் கட்டிவந்தவன், இது கைக்கு வந்த பிறகே அதை விட்டேன். பிரீமியம் குறைந்தால் ஏஜெண்டின் கமிஷனும் குறையும் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கு மீன் குழம்பு தனி ருசி.

ஆனாலும் ஆறவில்லை. தங்கைக்குப் போன் போட்டேன்.

“ஏட்டி, மாப்பிள்ள தனக்கு எவ்வளவுக்குப் பாலிசி போட்டிருக்காரு?”

“கேட்டதே இல்லையேண்ணே.”

“சும்மாதான் கேட்டேன். நீ ஒண்ணும் கேட்டுக்கிடாத.”

கேட்டாள். ஊருக்கெல்லாம் விற்றவர் தனக்கென்று ஒன்றுகூட எடுத்திருக்கவில்லை. இரண்டே நாளில் அவளே ரத்தம் எடுக்கக் கம்பெனி ஆளை வரச்சொன்னாள். நானும் மரியாதைக்குச் செம்பூர் போய், ஊசி குத்தும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சர்க்கரை எக்கச்சக்கம். என் புகையிலைக்குப் போட்டதைவிட அதிகமாகவே அவர் சர்க்கரைக்குப் போட்டார்கள்.

அடுத்து வந்த கொடையில் அவர் பக்கத்து இலையில் இடம்பிடித்தேன். எதிரே அதே பெரியவர். பாயாச வாளி வந்தது. மாப்பிள்ளை இலையைச் சற்று முன்னால் இழுத்தார். நான் அவர் இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து, தெருவுக்கே கேட்கும்படி, மிகுந்த மரியாதையோடு சொன்னேன்:

“மாப்பிள்ளைக்கு வேண்டாம்பா. பிரீமியம் ஏறிரும்.”

பெரியவருக்கு மறுபடியும் புரையேறியது. மாப்பிள்ளை பங்குப் பாயாசத்தையும் நானே குடித்தேன்.