இரண்டு முறை வந்த பெயர்

அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதில் எனக்குக் கிடைக்கும் சந்தோஷம் வேறு எதிலும் கிடையாது. இது குணக்கேடு என்று என் வீட்டுக்காரர் சொல்வார். திருப்பூரில் இந்தக் குணக்கேட்டுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஒரு பனியன் பிரிண்டிங் கம்பெனியில், ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுப் பையர்கள் அனுப்பும் படத்தையும் எழுத்தையும் சரிபார்த்து அச்சுக்குக் கொடுப்பது பதினெட்டு வருடமாக என் வேலை. ஒரு தடவை ஒருவன் தன் சொந்த நாட்டின் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டு அனுப்பியிருந்தான். திருத்தினேன். நன்றி சொல்லி மெயில் வந்தது. அன்றிலிருந்து எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு சின்ன ஆர்டர் வந்தது. கருநீல டி-ஷர்ட், இருநூற்று நாற்பது பீஸ். இத்தனை சின்ன ஆர்டரை எங்கள் ஓனர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தப் பையர் பெரிய ஆர்டரும் தருகிறவர் என்பதால் ஒத்துக்கொண்டார். சட்டை போய்ச் சேர வேண்டியது கடல் தாண்டி ஏதோ ஒரு குட்டிக் கடற்கரை ஊருக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், பிழைப்புத் தேடி வேறு தேசத்துக்குக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிய சனங்களை ஏற்றிவந்த பாய்மரக் கப்பல் ஒன்று அந்த ஊர்ப் பாறையில் மோதி உடைந்ததாம். அதன் நினைவு நாளில் ஊரே இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கரையில் நிற்குமாம். சட்டையின் முன்பக்கம் ஒரு சின்னக் கப்பல். முதுகில் செத்தவர்களின் பெயர்கள், மூன்று வரிசையாக.

பெயர்களோடு ஒரு பக்கக் குறிப்பும் வந்திருந்தது. கப்பல் உடைந்த இடம் கரையிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஊர்க்காரர்கள் கயிறும் விளக்குமாகக் கரையில் நின்றிருக்கிறார்கள். அலையில் படகை இறக்க முடியவில்லை. கப்பலில் இருந்தவர்கள் கத்தியது இவர்களுக்குக் கேட்டிருக்கிறது. பொழுது விடிந்தபோது பாய்மரத்தின் ஒரு துண்டும் சில பெட்டிகளும் ஒதுங்கியிருந்தன, சத்தம் நின்றுபோயிருந்தது. நான் காங்கேயம் பக்கத்துக்காரி. கடலை என் ஆயுசில் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன், இரண்டு தடவையும் செருப்பைத் தொலைத்துவிட்டு வந்தேன். படித்ததும் ‘அட பாவமே’ என்று ஒரு வார்த்தை சொன்னேன். சொல்லிவிட்டு எழுத்தின் அளவைப் பார்க்கப் போனேன்.

மொத்தம் அறுபத்தொரு பெயர். முதல் இரண்டு வரிசையிலும் இருபது இருபது, மூன்றாவதில் இருபத்தொன்று. அந்த ஒற்றை வரி கீழே தொங்கிக்கொண்டு என் கண்ணை உறுத்தியது. மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தபோது இரண்டாவது வரிசையில் பிடித்துவிட்டேன். ஒரே பெயர், அடுத்தடுத்த இரண்டு வரியில், எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஒன்றை எடுத்தேன். கீழே இருந்தவற்றை ஒவ்வொரு வரி மேலேற்றியதும் மூன்று வரிசையும் இருபது இருபதாக, அளந்து வைத்ததுபோல நின்றன. எனக்கு நானே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

பையரைக் கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. அப்பனும் மகனுமாக இருக்குமோ என்று ஒரு நொடிகூட நினைக்கவில்லை, நினைக்காததற்குக் காரணமும் உண்டு. எங்கள் பக்கம் உயிரோடு இருக்கும் அப்பன் பேரை எவரும் மகனுக்கு வைப்பதில்லை. தாத்தா பேரை வைப்போம். அதிலேயே ஆயிரம் தொல்லை. என் மகனுக்கு என் மாமனாரின் பேர். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. ஆகவே பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளையை நான் இன்றுவரை பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாமி என்பேன், கண்ணு என்பேன், கோபம் வந்தால் அடேய் என்பேன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது டீச்சர் கேட்டதற்குப் பேரை எழுதித்தான் காட்டினேன். தாத்தா பேருக்கே இந்தப் பாடு என்றால், புருசன் பேரையே பிள்ளைக்கும் வைத்துவிட்டு ஒருத்தி எப்படிக் குடும்பம் நடத்துவாள்? டைப் அடித்தவன் தூங்கி வழிந்திருக்கிறான், அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன்.

எழுத்தைப் பதித்த வலைச் சட்டம், எங்கள் பாஷையில் ஸ்க்ரீன், அச்சடிக்கும் மேசைக்குப் போனது. எங்கள் பிரிண்டிங் மாஸ்டர் தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரர். கிறிஸ்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் பையர் ஒப்புக்கொண்ட பேப்பரையும் ஸ்க்ரீனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விரலால் வரியை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் மையைத் தொடுவார். அன்றும் எண்ணிவிட்டு என் மேசைக்கு வந்தார்.

“மேடம், பேப்பர்ல அறுவத்தோரு வரி இருக்கு. ஸ்க்ரீன்ல அறுவதுதான் இருக்கு.”

“ஒரு பேரு ரெண்டு தடவ வந்திருந்துச்சுங்க மாஸ்டர். எடுத்துட்டேன்.”

“ரெண்டு ஆளா இருந்தா?”

“ஒரே பேர்ல ரெண்டு ஆளா? அதுவும் அடுத்தடுத்து!” என்று சிரித்தேன்.

“இருப்பாக மேடம். ஒரு வார்த்த கேட்டுருங்களேன்.”

சுற்றிலும் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு சுர்ரென்று ஏறிவிட்டது. “ஏ பி சி டி தெரியாதவங்க எல்லாம் எனக்குத் தப்பு கண்டுபிடிச்சுச் சொல்ல வந்துட்டீங்களா? போயி வேலையப் பாருங்க” என்றேன். எங்கள் ஊரில் ஆளைக் கன்னத்தில் அறைந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் அறைவோம். அவர் தன் மேசைக்குத் திரும்பினார். மாலைக்குள் இருநூற்று நாற்பது முதுகிலும் அடித்து முடித்தார். வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பேப்பரை என் மேசையில் வைத்துவிட்டு, “வாரேன் மேடம்” என்று மட்டும் சொன்னார். இரண்டாவது வரிசையில் அந்த இரண்டு வரியையும் சேர்த்து கலர் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

அவர் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் மெயில் போட்டேன், வேறு நல்லெண்ணம் எதுவும் கிடையாது. ‘பட்டியலில் ஒரு பெயர் இரண்டு முறை வந்திருக்கிறது, பிழைதானே?’ என்று கேட்டிருந்தேன்.

மறுநாள் காலையில் வந்து பார்த்தபோது பதில் இருந்தது. பிழை இல்லை, அப்பாவும் மகனும். மகனுக்கு நான்கு வயது. பயணிகளின் பட்டியல் கப்பலோடு மூழ்கிவிட்டதால், பிறகு வீட்டார் விசாரித்து எழுதிய கடிதங்களை வைத்துத்தான் பெயர்களைச் சேர்த்திருக்கிறார்கள். தாய் பின்னால் வருவதாகச் சொந்த ஊரில் தங்கியிருக்கிறாள். என் புருஷன் எங்கே, என் பிள்ளை எங்கே என்று இருவர் பெயரையும் தனித்தனியாக எழுதிக் கேட்டிருக்கிறாள். அந்தப் பிள்ளை கப்பலில் இருந்தான் என்பதற்கு அந்தக் கடிதத்தைத் தவிர வேறு ஆதாரம் இல்லை. கடைசி வரி: ‘அச்சடிக்கும் முன்பே கேட்டதற்கு மிக்க நன்றி.’

அச்சடிக்கும் முன்பே! சட்டைகள் எல்லாம் மடித்துப் பெட்டிக்குப் போகத் தயாராக இருந்தன. புருஷனையும் பிள்ளையையும் பறிகொடுத்த ஒருத்தி எழுதிக் கேட்டு ஏற்றிவிட்ட பெயரை, வரிசை அழகாக இருக்கிறது என்று நான் எடுத்துப் போட்டிருக்கிறேன். எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஓனரிடம் போய்ச் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை.

“ஏனம்மிணி, ஒரு வார்த்த கேட்டுப்போட்டு எடுத்திருக்கலாமுல்ல?”

“தப்புத்தானுங்க.”

புதிதாக அடிக்கத் துணி இல்லை, நாளைக்கு விமானத்தில் ஏற்றியாக வேண்டும். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே வழி சொன்னார். “மூணாவது வரிசைக்குக் கீழ அந்தப் பேர ஒத்த வரியாச் சேத்து அடிச்சுப்போடலாம். கம்ப்யூட்டர்ல ஒரு வரி உழுந்துபோச்சு, அதனால கடைசியில சேத்தியிருக்கறோம்னு பையருக்கு ஒரு மெயில் தட்டி உட்டுருங்க. நாமளா எடுத்தம்னு வாயத் தொறந்துறாதீங்க. பெரிய ஆர்டரும் போயிரும், உங்களுக்கும் கெட்ட பேரு.”

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. கம்ப்யூட்டர் என்ன, வாய் திறந்து மறுக்கவா போகிறது? அவர் சொன்னபடியே மெயிலைத் தட்டினேன். சேர்த்து அடித்த சட்டையைப் படம் எடுத்து அதோடு அனுப்பலாம் என்று அப்படியே வைத்தேன்.

மாஸ்டரிடம் போனேன். “நீங்க சொன்னதுதானுங்க மாஸ்டர் சரி. அப்பனும் மகனும்.” நான் பயந்ததுபோல அவர் ஒன்றும் குத்திக் காட்டவில்லை. “பய எத்தன வயசு?” என்று கேட்டார். சொன்னேன். உச்சுக்கொட்டிவிட்டு, ஒற்றைப் பெயருக்கு ஒரு குட்டி ஸ்க்ரீன் போடச் சொன்னார். அன்று ஆள் குறைவு. சட்டையை விரித்துப் போடும் வேலையை நானே செய்தேன். அப்பன் இரண்டாவது வரிசையின் நடுவில், பிள்ளை மூன்றாவதன் அடியில்.

“அப்பன் ஒரு பக்கம், புள்ள ஒரு பக்கமாப் போச்சுங்களே” என்றேன்.

“பேரு இருக்குல்லா மேடம்.”

பாதி பீஸ் முடிந்ததும் டீ வந்தது. டேபிள் ஓரமாக நின்று குடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொல்ல ஆரம்பித்தார். ஏதோ பஸ் டைம் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“எங்க வீட்டுலயும் ஒரே பேரு ரெண்டு உண்டும் மேடம். தாத்தா பேர எங்க அண்ணனுக்கும் வச்சாக, எங்க சித்தப்பா மவனுக்கும் வச்சாக. அப்பா, சித்தப்பா ரெண்டு பேருக்கும் மொத எழுத்து ஒண்ணுங்கறதால இனிசியலும் ஒண்ணுதான். ஒரு நா ஆளுக்கொரு போட்ல போனானுவ. பெருங்காத்து. அவனுவ போனதும் சேத்து நாலஞ்சு போட்டு வரல. காணாமப் போனவுக லிஸ்ட்டு எழுதி ஒட்டுனாக. அதுல அந்தப் பேரு ஒரு தடவதான் இருந்துச்சு. எழுதுனவரு, ரெண்டு தடவ வந்துருச்சுன்னு ஒண்ண அடிச்சிட்டாராம்.”

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“எங்கம்மா, ‘அது சித்தி மவன்தான், நம்ம பய எங்கயாச்சும் கரையேறியிருப்பான்’னா. சித்தி, அது எங்கண்ணன்தான்னா. பத்து நா கழிச்சுத் திருத்தி ரெண்டு பேரும் போட்டாக. ஆனா மொதல்ல பாத்ததுதான மனசுல நிக்கும்? காலையில எங்கம்மா போயி சித்தியத் தேத்திட்டு வருவா. சாயங்காலம் சித்தி வந்து எங்கம்மாவத் தேத்திட்டுப் போவா. சாவுற வரைக்கும் ரெண்டு பேருக்கும் தம் பிள்ள உசுரோட இருக்கான்னுதான் நெனப்பு.”

“அப்ப, உங்க கோயில்ல அவங்களுக்குப் பூசை எதுவும் வைக்கலீங்களா?” என்று கேட்டேன்.

“வச்சாகளே. கல்லறைத் திருநாளுக்குச் செத்தவுக பேர எழுதிக் குடுக்கணும், சாமியாரு வாசிப்பாரு. எங்கம்மா தம்மவனுக்குக் குடுக்க மாட்டா. சித்தி மவனுக்குன்னு அந்தப் பேர எழுதிக் குடுப்பா. சித்தி எங்கண்ணனுக்குன்னு அதே பேர எழுதிக் குடுப்பா. சாமியாரு வருசா வருசம் ரெண்டு தடவ வாசிப்பாரு.”

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. “நேத்து உங்களப் பேசுனது தப்புங்க மாஸ்டர்” என்றேன்.

“அத விடுங்க மேடம். மை காயுது” என்று கிளாஸை வைத்துவிட்டுப் போனார்.

நான் என் மேசைக்கு வந்தேன். தட்டி வைத்திருந்த மெயிலை அழித்தேன். ஒரே பெயர் இரண்டு முறை இருக்கிறதே என்று யாரையும் கேட்காமல் ஒன்றை நான்தான் எடுத்தேன், உங்களுக்கு எழுதியபோது அச்சு முடிந்திருந்தது, அந்தப் பிள்ளை இப்போது மூன்றாவது வரிசையின் கடைசியில் இருக்கிறான் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுத்தான் ஓனரிடம் போய்ச் சொன்னேன்.