அழுகிய பயிருக்குக் காவல்

"சர்க்காரு சலிச்சுப் போவும், நான் சலிக்க மாட்டேன்" என்று உழவர்கரைச் சாராயக்கடை வாசலில் பாவாடை சொன்னபோது கேட்டவர்கள் நான்கே பேர். மறுநாள் மதியத்துக்குள் ஊர் முழுவதும் அது தெரிந்திருந்தது. அவரே வீடுவீடாகப் போய்ச் சொல்லியிருந்தார்.

ஐப்பசிப் புயலில் அவருடைய ஒரு காணிச் சம்பா நெல் தண்ணீரில் கிடந்து அழுகிவிட்டது. பயிர் அழிந்தவர்களுக்குக் காணிக்குப் பன்னிரண்டு ரூபாய் என்று பிரெஞ்சு சர்க்கார் தமுக்கடித்தது. முதல் ஆளாகப் புதுச்சேரிக்கு நடந்துபோய் மனு கொடுத்தவர் பாவாடை. மனுவை வாங்கிய குமாஸ்தா பிரகாசம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னார். அதிகாரி வந்து பார்க்கும்வரை அழிந்த பயிர் அழிந்தபடியே இருக்கவேண்டும். உழுதால் மனு செல்லாது.

அரசாணைக்கு இப்படிக் கீழ்ப்படிந்த குடிமகனை எந்தச் சாம்ராஜ்யமும் கண்டிருக்காது. நெல் நன்றாக நின்ற காலத்தில்கூட அவர் அந்த வயலை இப்படிக் காத்ததில்லை. நுழைந்த ஆடுகளைக் கம்பெடுத்து விரட்டினார். மனைவி செல்வாம்பாள் மாட்டுக்கென்று நாலு பிடி தாள் அரிந்து வந்தபோது, எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வரச் சொன்னார். மழைக்குப் பிறகு அழுகலுக்கு நடுவே புல் பச்சையாகக் கிளம்பியது. பட்டணத்து அதிகாரி அதைப் பயிர் என்று எழுதிவிட்டால்? பாவாடை குனிந்து களையெடுத்தார். செத்த பயிருக்குக் களையெடுத்தவர் என்ற பெருமை இன்றுவரை அவர் ஒருவருக்கே.

கார்த்திகையில் அதிகாரிக்குக் காய்ச்சல். மார்கழியில் கிறிஸ்துமஸ், அதைத் தொட்டுக்கொண்டு வருஷப்பிறப்பு. அப்புறம் காரைக்கால் போய்விட்டார். ஒவ்வொரு முறையும் பாவாடை நடந்துபோய், அதே பெஞ்சில் உட்கார்ந்து, அதே பதிலை வாங்கிக்கொண்டு நடந்து வந்தார்.

ஒருநாள் பிரகாசத்திடம் கேட்டே விட்டார்: "நெல்லு செத்துச்சு. நானும் சாவணுமா ஐயா?"

பிரகாசம் தலை நிமிராமல் சொன்னார்: "செத்தா அதுக்கு வேற மனு, பாவாடை. அந்தாண்ட மேசை."

மனுவே போடாத பக்கத்து வயல்காரர் சின்னக்கண்ணு இதற்குள் உழுது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டு, அது இரண்டு இலை விட்டுவிட்டது.

"என்னா மாமா, சர்க்காரு சலிச்சுதா?"

"பாதி சலிச்சிருக்கு" என்றார் பாவாடை.

வீட்டில் விதை மல்லாட்டை பானையில் காத்திருந்தது. மண்ணில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. தை பத்துக்குள் போடாவிட்டால் அதை வறுத்துத் தின்னவேண்டியதுதான், அதுவும் தீர்ந்தால் அடுத்த சம்பா வரைக்கும் தின்ன ஒன்றுமில்லை என்று செல்வாம்பாள் சண்டை போடாமல் சொன்னாள். சண்டைக்குத்தான் பாவாடை பதில் வைத்திருந்தார்.

தை ஐந்தாம் தேதி சர்க்கார் சேவகன் ஒருவன் முத்திரை குத்திய காகிதத்தோடு வந்தான். "திங்கக்கெழமை தொரை வராரு. வயலத் தொடக்கூடாது."

"எந்தத் திங்கக்கெழமை?"

சேவகன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "அது போடலியே."

பாவாடை காகிதத்தை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவனுக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

மறுநாள் விடிந்ததும் ஏர் பூட்டினார். மூன்று மாதம் காத்த அழுகல் இரண்டே நாளில் மண்ணுக்குள் புரண்டது. மூன்றாம் நாள் சால் பிடித்து ஓட்ட, செல்வாம்பாள் விதை போட்டுக்கொண்டு பின்னால் வந்தாள். சின்னக்கண்ணு வரப்பில் வந்து நின்று, என்னவோ கேட்க வாயெடுத்தார். பாவாடையின் முகத்தைப் பார்த்தார். பிறகு செல்வாம்பாளிடமிருந்து பாதி விதையைத் துண்டில் வாங்கிக்கொண்டு, அவரும் சாலில் இறங்கினார்.