சாவித் துவாரத்தில் சந்தனம்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் காரின் சாவி திரும்ப மறுத்தது. கெஞ்சினேன், கொஞ்சினேன், ஸ்டியரிங்கை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. பதினெட்டு வயதுக் கார், சாவியில் சிப் எதுவும் கிடையாது. ஆள் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் ஐம்பதைத் தாண்டியவன் கையில் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஸ்குரூடிரைவர் கிடைத்துவிட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? உதிரிபாகக் கடைக்கு நடந்துபோய்ப் புதுப் பூட்டு வாங்கிவந்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றினேன். ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்த பிளாஸ்டிக் மூடியைப் பிரித்தேன். அதன் திருகு ஒன்று எங்கோ உருண்டது, இன்றுவரை கிடைக்கவில்லை. சாவியை ஒரு படியாவது திருப்பினால்தான் பூட்டு கழன்று வருமாம். திரும்பாததால்தானே ஐயா கழற்றுகிறோம் என்று அதை வடிவமைத்தவனிடம் கேட்க ஆசை. எண்ணெய் விட்டு, தட்டித் தட்டி, ஒருவழியாக அது அசைந்த கணத்தில் பக்கத்துத் துளைக்குள் ஆணியால் அழுத்தினேன். பூட்டின் விரல் நீள உருளை உள்ளங்கையில் வந்து விழுந்தது.

செய்தித்தாளில் தட்டினேன். மஞ்சளும் சிவப்புமாகத் துகள்கள் உதிர்ந்தன. முகர்ந்தேன். எண்ணெய் வாடையையும் மீறிச் சந்தனம்.

"ஆயுத பூஜைக்கு நான்தான் வச்சேன்," என்றாள் வாசலில் நின்ற மனைவி. "வருசா வருசம் வைக்கிறதுதானே."

"சாவி ஓட்டையிலயா?"

"பின்ன? அங்கதானே காடிக்கு உயிரு வருது."

எனக்குக் கோபம் வரவில்லை. வருவதற்கு உரிமையும் இல்லை. இதே நியாயத்தோடு, இதே மாதிரித் துவாரத்தில், முப்பது வருடங்களுக்கு முன் நானும் சந்தனம் வைத்திருக்கிறேன். அது என் கார்கூட இல்லை.

சவரியின் கார். தீவுப் பக்கம், டத்தோ கிராமாட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்தான். இருவருக்கும் கடலுக்கு அக்கரையில், புக்கிட் தெங்காவில் ஒரே தொழிற்சாலையில் வேலை. அவன் இயந்திரங்களைப் பழுது பார்ப்பான், நான் பெட்டிகளை எண்ணுவேன். தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போவான். பாலம் இருந்தது. ஆனாலும் ஃபெர்ரியில்தான் போவான். "பாலத்துல நாம ஓட்டணும். ஃபெர்ரி நம்மள ஓட்டிட்டுப் போவும் லா" என்பான். காரோடு அதன் வயிற்றுக்குள் நுழைந்து எஞ்சினை அணைத்ததும் டீசல் வாடையும் உப்புக் காற்றும் சேர்ந்து ஏறிவரும். பிளாஸ்டிக் பையில் கட்டிய காப்பியை, அதன் கயிற்றால் ஜன்னல் சுற்றும் கைப்பிடியில் மாட்டிவிடுவோம். ஒரு சொட்டுச் சிந்தாது. இன்றைய கார்களில் ஜன்னலுக்குப் பொத்தான். காப்பியை எங்கே மாட்டுவது?

அந்த வருட ஆயுத பூஜையன்று, சைக்கிள், தையல் மெஷின், சுத்தியல் என்று எல்லாவற்றுக்கும் வைத்த பிறகும் கிண்ணத்தில் சந்தனம் மிச்சமிருந்தது. வாசலில் சவரியின் கார் நின்றது. விடுவேனா?

"டேய், மாதா பாத்துக்கிட்டு இருக்காங்க லா," என்றான், கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் காட்டி.

"பாக்கட்டும். துணைக்கு ஆள் வந்தா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

சக்கரம், பானெட், ஸ்டியரிங். கடைசியாக, மிகுந்த பக்தியோடு, சாவித் துவாரம்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு, சவரி அக்கரையிலுள்ள நிபோங் திபாலுக்குப் பெண் கேட்கப் புறப்பட்டான். அவனுக்கும் ஸ்டெல்லாவுக்கும் மனம் எப்போதோ ஒத்துப்போய்விட்டது. அவள் அப்பாதான் பாக்கி. ஓவர்டைம் என்று இரண்டு முறை போகாமல் விட்டிருந்தான். "பதினோரு மணிக்கு வரணும். இந்தத் தடவையும் வரலன்னா அப்புறம் வரவே வேணாம்" என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். சவரிக்குப் பெற்றோர் இல்லை. பெரியவர்கள் இடத்தில், இருபத்து மூன்று வயதில், நான். பின்சீட்டில் கேக் பெட்டி.

ஃபெர்ரி பட்டர்வொர்த் கரையைத் தொட்டது. முன்வரிசையில் நாங்கள். சாவி திரும்பவில்லை. சக்கரம் லேசாக இடப்பக்கம் திரும்பியபடியே பூட்டிக்கொண்டிருந்தது; நாலு பேர் தள்ளியதில் கார் ஓரத்துக் கம்பியில் போய் முட்டியதுதான் மிச்சம். பின்னால் ஹார்ன் கச்சேரி. ஊழியர்கள் மற்ற கார்களை எங்களைச் சுற்றி இறக்கிவிட்டு, திரும்பிப் போய் வரலாம், அப்படியே இருங்கள் என்று கையைக் காட்டினார்கள்.

"நீ போடா. பஸ்ஸப் பிடி. காடிய நான் பாத்துக்கிறேன்."

கேக் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சவரி ஓடினான். அந்த வெள்ளைச் சட்டை சிறுத்துக்கொண்டே போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்று கடலை ஐந்து முறை கடந்தேன், காரில் உட்கார்ந்தபடி, ஓர் அங்குலம்கூட ஓட்டாமல். மூன்றாவது பயணத்தில் ஒரு கம்பியால் துவாரத்தைக் குடைந்தேன். நுனியில் மஞ்சளாக ஏதோ ஒட்டி வந்தது. முகர்ந்தேன், நான் வைத்த சந்தனம். யாரும் பார்க்கும் முன் கம்பியைத் துடைத்தேன். ஐந்தாவது பயணத்தில் எஞ்சினிலிருந்தே இரண்டு சொட்டு எண்ணெய் எடுத்து விட்டேன்; சாவி திரும்பியது. லைசென்ஸ் இல்லாத நான் காரைப் பட்டர்வொர்த் கரையில் இறக்கி ஓரமாக நிறுத்தியது என் வாழ்நாள் சாகசம்.

சாயங்காலம் சவரி வந்தான். கையில் பெட்டி இல்லை.

"என்னாச்சு?"

"பஸ் லேட்டு. பன்னெண்டரைக்குத்தான் போனேன். சாப்ட்டுப் படுத்துட்டாராம். எழுப்ப மாட்டாங்களாம்."

"கேக்கு?"

"குடுத்துட்டு வந்தேன் லா. அது என்ன பாவம் செஞ்சிச்சு."

அடுத்த வருடம் ஸ்டெல்லாவுக்குத் தைப்பிங்கில் ஓர் ஆசிரியரோடு கல்யாணம் ஆனது.

அதற்கு வெகு முன்பே, மறு ஞாயிறே, சவரியின் வீட்டு வாசலில் பூட்டை மாற்றினோம். கழற்றும் வேலையை நான் முந்திக்கொண்டேன். உருளை கையில் விழுந்ததும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"பழசு எங்க?"

"லோங்காங்ல விழுந்துடுச்சு."

குச்சியை எடுத்துச் சாக்கடையைக் கிளறிக்கொண்டே இருந்தான் சவரி. "உள்ள என்னதான் இருந்துச்சுன்னு பாக்கணும் லா." ஒரு கல்யாணத்தைக் கெடுத்த நான் பக்கத்தில் குனிந்து தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பாரத்தை, என் கார்ப் பூட்டைக் கழற்றிய போன ஞாயிறுதான் இறக்கினேன். சவரி இப்போது ஜொகூரில், மகளின் கல்யாண வேலையில் இருக்கிறான். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"டேய், நான் பஸ்ஸே ஏறல. காய்கறி லாரி ஒண்ணு ஏத்திக்கிச்சு. பத்தே முக்காலுக்கே அவங்க வீட்டு வாசல்ல நின்னேன்."

"அப்புறம்?"

"உக்காருன்னுகூட சொல்லல. மெஷினுக்கு எண்ணெ விடுறவனுக்கு எம்பொண்ண எப்படிக் குடுக்கறதுன்னாரு. ஸ்டெல்லா உள்ளதான் நின்னா. வெளிய வரல. அஞ்சே நிமிசம். அப்புறம் சாயங்காலம் வரைக்கும் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"காடி மேல போட்டுட்டா சுலுவா இருந்துச்சு லா."

பெண் கேட்கப் போன அந்த ஞாயிற்றுக்குப் பிறகும் ஆறு வருடம் நாங்கள் அதே ஃபெர்ரியில் போய்வந்தோம். ஒவ்வொரு காலையும் இருபது நிமிடம். ஓட்ட வேண்டியதில்லை, இறங்கிப் போகவும் முடியாது. பேசுவதற்கென்றே யாரோ கட்டிவைத்த அறைபோல. அதில் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, நான் என் பொய்யோடும் அவன் தன் பொய்யோடும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது ஃபெர்ரியில் கார்கள் ஏறுவதில்லை. ஆட்கள் போகலாம், மோட்டார் சைக்கிள்கள் போகலாம். காருக்குப் பாலம்தான், பாலத்தில் எங்கேயும் நிறுத்தக் கூடாது.