மூன்று பேராகப் போகக் கூடாது

எங்கள் மாடி அறையில் குடியிருந்த சூடான் நாட்டுப் பெண் ஒரு நாள் காலையில் இறங்கி வந்து என் தையல் மெஷின் பக்கத்தில் நின்றாள். "ஆன்ட்டி, காலேஜுக்கு வருவீங்களா? கார்டியன் வேணுமாம்" என்றாள். பெங்களூரில் எங்கள் பொம்மனஹள்ளிக்கு வந்த இரண்டு வருஷத்தில் அவள் கற்ற தமிழெல்லாம் என்னிடம் ரவிக்கை தைக்க வருகிறவர்களிடம் கற்றது.

விஷயம் இதுதான். அவள் ஊரில் சண்டை. அம்மா எங்கோ முகாமில். அங்கே சிக்னல் கிடைத்தால்தான் போன் வரும். எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. வகுப்பில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் இவள் வகுப்புக்குப் போகாமல் மொட்டை மாடியில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அட்டெண்டன்ஸ் குறைந்துபோனது. பெரியவர்கள் யாராவது வந்து பேசாவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது, பரீட்சை கிடையாது.

"இதுக்கென்னடி, நாங்க வர்றோம்" என்றேன். என் வீட்டுக்காரர் ஆட்டோவைத் துடைத்து நிறுத்தினார். ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான், அவர், அவள். மூன்று பேர். நல்ல காரியத்துக்கு எங்கள் வீட்டில் மூன்று பேராகப் போனதே கிடையாது.

"காலேஜுக்குத்தான் போறோம், பொண்ணு கேக்கவா போறோம்?" என்றார் அவர்.

"காரியம் ஆகணும்ல?"

எதிர் வீட்டுப் பூக்கார அக்காவைக் கூப்பிட்டேன். கன்னடக்காரர், ஆனால் தமிழில் நம்மைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவார். தட்டில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், இரண்டு முழம் மல்லிகையோடு வந்து ஏறினார். வழியெல்லாம் அவருக்கு ஆத்திரம். "இந்தப் பொண்ணு போனயா பாக்குது? அம்மாவ இல்ல பாக்குது!" அந்த வார்த்தையை மனசில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

துறைத் தலைவர் மேடமும் தமிழ்க்காரர்தான். தட்டைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். "பொண்ணுக்கு நீங்க என்ன முறை?"

பேசி வைத்துக்கொண்டு வரவில்லை. "அத்தை" என்றேன். "சித்தப்பா" என்றார் என் வீட்டுக்காரர். "பெரியம்மா" என்றார் அக்கா.

மேடம் பேனாவை வைத்தார். "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டிதானே? அத்தையும் சித்தப்பாவும்னா கூடப் பொறந்தவங்க இல்ல ஆகுது?"

என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். அக்கா பழத்தட்டை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"சொந்தம் இல்ல மேடம்" என்றாள் பெண். "கீழ் வீடு. எனக்கு இங்க வேற யாரும்..." அப்போது அவள் பையில் போன் அடித்தது. எடுக்கவில்லை. மேடத்தையே பார்த்தபடி நின்றாள். "முகாம்லேர்ந்து அவ அம்மாவா இருக்கும் மேடம், சிக்னல் கிடைச்சாத்தான் வரும், இவ பாக்குறது போன இல்ல, அம்மாவ" என்றேன்.

"எடும்மா, கட்டாயிடப் போகுது" என்றார் மேடம்.

அவள் மொழியில் என்னென்னவோ பேசினாள், அழுதாள், நடுவில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்து எண்ணினாள். இரண்டு நிமிஷத்தில் லைன் போய்விட்டது.

"அம்மா என்ன கேட்டாங்க?" என்றார் மேடம்.

"பக்கத்துல யார் இருக்காங்கன்னு கேட்டாங்க. நாலு பேர்னு சொன்னேன். உங்களையும் சேத்து, மேடம்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எங்கள் மூவரிடமும் கையெழுத்து வாங்கினார். "நாளையிலேர்ந்து ஒழுங்கா வா. போன் டீச்சர் மேஜை மேல இருக்கட்டும். அடிச்சா எடுத்துக்கிட்டு வெளியே போ. ஹால் டிக்கெட்டுக்கு நான் பொறுப்பு." தட்டிலிருந்து ஒரு பழம் மட்டும் எடுத்துக்கொண்டார்.

பரீட்சை எழுதினாள். இப்போது என்னை அத்தை என்கிறாள், அவரைச் சித்தப்பா என்கிறாள். ரவிக்கை தைக்க வருகிறவர்கள் எங்கள் இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.