ஒன்பதாம் லெவலில் அம்மா

என்னைப் பற்றிப் பெருமையடித்துக்கொள்ள அப்பாவுக்கு அதுவரை ஒரு விஷயமும் கிடைத்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்பில் என் ரேங்க் இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. பாட்டு வராது. கோலம் போட்டால் புள்ளி ஒரு பக்கம் போகும், கோடு ஒரு பக்கம் போகும். அப்பாவோ ஆளைக் கண்டால் நாலு வார்த்தை பெருமை பேசாமல் இருக்கமுடியாத மனுஷர். பேசுவதற்குச் சரக்கு இல்லாததால் பாவம், எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்.

களக்காட்டில் இருந்த அத்தைக்கு, அதாவது அப்பாவின் அக்காவுக்கு, அந்தக் கஷ்டம் கிடையாது. அவளுக்கு ஒரே மகன். எனக்கு அத்தான். இன்ஜினியரிங் காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். செஸ்ஸில் கப், கேரமில் கப், கட்டுரைப் போட்டியில் கப். அத்தை போனில் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். இந்தப் பக்கம் அப்பா, "அப்படியாக்கா, அப்படியாக்கா" என்று கேட்டுக்கொண்டே நிற்பார்.

அந்த வருஷம்தான் எங்கள் அம்பாசமுத்திரம் வீட்டுக்கு செல்போன் வந்தது. புதியது இல்லை. அப்பாவோடு தாலுகா ஆபீசில் வேலை பார்த்த ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விட்டுப்போன பட்டன் போன். ஆபீசில் வேறு போன் இருந்ததால் அப்பா இதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவார். அதில் ஒரே ஒரு விளையாட்டைத்தான் எங்களுக்குத் திறக்கத் தெரியும். பாம்பு விளையாட்டு. ஒரு சின்னக் கறுப்புப் பாம்பு. அது ஒரு புள்ளியைத் தின்னும், தின்னத் தின்ன நீளும். சுவரிலோ தன் உடம்பிலோ முட்டினால் செத்துப்போகும். நான் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டு அதைத்தான் கையில் எடுப்பேன்.

எனக்கு ஏன் அது அத்தனை பிடித்தது என்று இப்போது சொல்லத் தெரிகிறது. பள்ளிக்கூடத்தில் ஒரு தப்புச் செய்தால் வருஷம் பூராவும் சொல்லிக்காட்டுவார்கள். இங்கே பாம்பு செத்தால் ஒரு பட்டனை அமுக்கினால் போதும், முதலிலிருந்து ஆரம்பித்துவிடலாம். முன்னால் எப்படிச் செத்தாய் என்று ஒரு ஆளும் கேட்கமாட்டார்.

ஒருநாள் அப்பா போனை நோண்டிக்கொண்டிருந்தபோது அந்த விளையாட்டின் டாப் ஸ்கோர் அவர் கண்ணில் பட்டுவிட்டது. ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஏளா, இது யாரு போட்டது?"

என்னுடைய அதிகபட்சமே நானூறைத் தாண்டாது. அதுவும் பாம்பு மெதுவாகப் போகிற மூன்றாம் லெவலில். இந்தப் பெரிய ஸ்கோர், போனை விட்டுப்போன அந்த மனுஷர் போட்டதாகத்தான் இருக்கவேண்டும். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ! அங்கேயிருந்து கிளம்பி வந்து, என் ஸ்கோரை எடு என்று கேட்கவா போகிறார்? ஆளில்லாத சொத்துதானே என்று நினைத்தேன்.

"நான்தான்ப்பா."

அம்மா அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தோசையைத் திருப்பிப் போட்டாள். அவ்வளவுதான்.

அடடா, அப்பாவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே! அன்றோடு கிணற்றுத் தண்ணீர்ப் பேச்சு ஒழிந்தது. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், ரேஷன் கடை வரிசையில், எங்கே போனாலும் நான்தான். "எம்மக போடுத ஸ்கோர இந்த அம்பையில ஒருத்தன் தொட முடியாது, தெரியும்லா?" என்பார். பாம்பு விளையாட்டு என்றால் என்னவென்றே தெரியாத அண்ணாச்சிமாரெல்லாம் என் தலையைத் தடவிக்கொடுத்தார்கள். நானும் வெட்கமில்லாமல் தலையைக் காட்டினேன். அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. அப்பா அத்தைக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் அத்தையின் புது வீட்டுக்குப் பால்காய்ப்பு. நாங்கள் மூவரும் களக்காட்டுக்குப் போனோம். மத்தியானம் சொதிச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்த ஆண்கள் ஹாலில் புது ஃபேனுக்குக் கீழே வெற்றிலைத் தட்டோடு உட்கார்ந்தார்கள். லீவுக்கு வந்திருந்த அத்தான் நேராக என்னிடம் வந்தான்.

"எங்க ஹாஸ்டல்ல நான்தான் சாம்பியன். நீ எங்கன வச்சு ஆயிரத்து ஐநூறு போட்ட? இப்பப் போடு, பாப்போம்."

அப்பா அதற்குள் போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டிவிட்டார். "போடு தாயி. எல்லாரும் பாக்கட்டும்."

அத்தான் லெவலை ஒன்பதில் வைத்துக் கொடுத்தான். ஒன்பதில் பாம்பு போகிற வேகத்தை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். சுற்றி இருபது பேர். என் விரல்கள் வேர்த்து வழுக்கின. இருபது விநாடியோ என்னமோ, சுவரில் போய் முட்டிக்கொண்டது. எண்பத்தொன்று.

"பட்டன் ஒட்டுது" என்றேன்.

"கொண்டா" என்று அத்தான் வாங்கினான். அதே போன், அதே பட்டன். அவன் ஆடியபோது எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஆயிரத்து அறுபத்திரண்டு. "பட்டன் ஒண்ணும் ஒட்டலயே மாமா" என்று அப்பாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். என் பக்கம் திரும்பி, "புளுவுணி" என்றான்.

"விடுலே. சின்னப்பிள்ள, ஏதோ ஆசைக்குச் சொல்லியிருக்கா" என்றாள் அத்தை. அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த இரக்கத்தைத்தான் தாங்கமுடியவில்லை. அப்பாவைப் பார்த்தேன். மடித்த வெற்றிலையை வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு புதுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மாதம் ஊர் முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போன மனுஷர்!

பின்கட்டுக்கு ஓடினேன். அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மடியில் விழுந்து அழுதேன். அழுகைக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன்.

"எத்தன போட்டான்?" என்று கேட்டாள்.

"ஆயிரத்து அறுவத்தி ரெண்டு."

"எந்த லெவல்ல?"

"ஒம்பது."

அம்மா எழுந்தாள். வாளித் தண்ணீரில் கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். அத்தானை ஒரு வாங்கு வாங்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். அவள் வாங்கியது போனைத்தான். சுவரில் சாய்ந்து, காலை நீட்டித் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் அம்மா அத்தனை ஆண்களுக்கு நடுவே காலை நீட்டி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

நானும் அத்தானும் ஆடும்போது புள்ளி எங்கே வருகிறதோ அங்கே பாய்வோம். அம்மா பாயவில்லை. சேலைக்குக் கொசுவம் வைப்பதுபோலப் பாம்பை மேலும் கீழுமாக மடித்துக்கொண்டே போனாள். ஒரு ஓரத்தில் மட்டும் ஒற்றைச் சந்து விட்டிருந்தாள். மடித்து முடித்ததும் அந்தச் சந்து வழியாகத் திரும்பி வந்து மறுபடியும் முதல் மடிப்பு. புள்ளி எங்கே வந்தாலும் அவளுக்குக் கவலையில்லை. போகிற வழியில் தானாகத் தின்றுகொள்ளும். கட்டைவிரல் மட்டும் அசைந்தது. கண் இமைக்கவில்லை.

முந்நூறு வரைக்கும் அத்தான் சிரித்துக்கொண்டிருந்தான். அறுநூறில் எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் மண்டிபோட்டான். தொள்ளாயிரத்தில், "எப்பிடி அத்தை?" என்று கேட்டான். எங்கள் அம்மா அவனுக்கு அத்தை முறை.

"ஏட்டி, காப்பி போடணும், பால எங்கன வச்ச?" என்று அடுக்களையிலிருந்து என் அத்தை குரல் கொடுத்தாள்.

"இருங்க மயினி" என்றாள் அம்மா.

கல்யாணமாகி வந்ததிலிருந்து அம்மா தன் நாத்தனாரை இரு என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அத்தை கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அப்புறம் அவளும் அங்கேயே நின்றுவிட்டாள்.

ஆயிரத்து அறுபத்திரண்டைத் தாண்டியதும் அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஆயிரத்து எரநூறு! ஆயிரத்து முந்நூறு!" என்று ஏலம் விடுவதுபோலக் கத்தினார். ஆயிரத்து நானூறில் போன் அடித்தது. ஹாலே "ஐயோ" என்றது. அப்பாவின் மேலதிகாரி. அம்மா யாரென்றுகூடப் பார்க்காமல் அழைப்பை வெட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தாள். அப்பாவும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டும் போயிற்று. திரை முழுக்கப் பாம்பு. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் காலி இடம் இருந்தது. கடைசியில் பாம்பு தன் வாலிலேயே முட்டி நின்றபோது ஸ்கோர் ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது.

அத்தான் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விளையாட்டுக்குத்தான், ஆனாலும் தொட்டான்.

"அப்ப முந்தி இருந்த ஸ்கோரும் நீதானா?" என்றார் அப்பா.

"ஆமா."

"சொல்லவே இல்லயே!"

"நீங்க என்னைக் கேக்கலயே. அவ சொன்னா, நீங்க நம்புனிய."

"மத்தியானமெல்லாம் இதுதான் சோலியா?" என்றாள் அத்தை.

"ஆமா மயினி" என்றாள் அம்மா, ஒரு சமாதானமும் சொல்லாமல்.

என் பொய் அத்தனை பேருக்கு முன்னால் வெளியே வந்துவிட்டது. ஆனால் அதைக் கவனிக்க ஒருவருக்கும் நேரமில்லை. அத்தான் அந்த மடிப்பு வித்தையைச் சொல்லித்தரச் சொல்லி அம்மாவைப் பிடித்துக்கொண்டான். அப்பா, "எங்க வீட்டம்மாவாக்கும்" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு நெஞ்சு விம்மிக்கொண்டு வந்தது. என் மானத்தைக் காப்பாற்ற அம்மா எப்பேர்ப்பட்ட வேலை செய்துவிட்டாள்!

திரும்பும்போது சேரன்மகாதேவியில் பஸ் மாறினோம். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். முகம் வாடியிருந்தது. வீரவநல்லூர் தாண்டும்போது, "ச்சே" என்றாள். என் பொய்யை நினைத்துத்தான் வருத்தப்படுகிறாள் என்று எனக்கு அழுகை முட்டியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் வாழ்நாளில் பொய்யே சொல்வதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்தேன். அடுத்த பரீட்சை மார்க் வருகிற வரைக்கும் அதைக் காப்பாற்றினேன்.

இந்தக் கதையை நான் சொல்லாத இடமில்லை. பிள்ளைக்காகப் போர்க்களத்தில் இறங்கிய தாய் என்று கொஞ்சம் ஜோடித்தே சொல்வேன். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் டேப்லெட்டில் ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். இப்போது அவள் ஆடுவது என்ன விளையாட்டென்று எனக்கே புரியாது. வண்ண வண்ணக் கட்டங்கள் விழுந்துகொண்டே இருக்கும்.

"நீ அழுதியா?" என்றாள் திடீரென்று.

"என்னம்மா, உன் மடியில விழுந்துல்லா அழுதேன்!"

"எனக்கு ஞாபகமே இல்லட்டி. அந்தப் பய ஒம்பதாம் லெவல்ல ஆயிரத்தத் தாண்டிட்டான்னு சொன்ன பாரு, அதுக்குப் பொறவு வேற ஒண்ணும் என் காதுல விழல. கை அப்பிடி அரிச்சுது."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாக எனக்காக ஆடினாள் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேனே! பள்ளிக்கூடத்துக்கு நானும் ஆபீசுக்கு அப்பாவும் போனபிறகு அந்த வீட்டில் ஒருத்தி இருந்தாள், அவளுக்கென்று ஒரு மத்தியானம் இருந்தது, அதில் எங்களுக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அந்தப் பத்து வயதுக்காரிக்கு எங்கே தெரிந்தது? ஆனால் சுருக்கென்றது ஒரு நிமிஷம்தான். அப்புறம் முன்னைவிடப் பெருமையாகத்தான் இருந்தது. பிள்ளையைக் காப்பாற்ற எந்த அம்மாவும் வந்திருப்பாள். ஆயிரத்து எண்ணூற்று ஒன்பது போட என் அம்மாவால்தான் முடியும்.

"அப்ப பஸ்ல வரும்போது ஏன் முகத்த அப்பிடி வச்சிருந்த? என்னால இல்லையா?"

அம்மா டேப்லெட்டை மடியில் வைத்தாள். வலது கட்டைவிரல் காற்றில் லேசாக அசைந்தது.

"கடைசியில எடது பக்கம் திரும்பியிருக்கணும்ட்டி. அவசரப்பட்டு மேல ஏத்திட்டேன். இன்னும் பதினோரு கட்டம் காலியாக் கெடந்துச்சு."